சாமிப்படமும் கச்சேரிக் கோப்பும்

வடமராட்சியைச் சேர்ந்த ஒரு பிள்ளைக்கு முல்லைத்தீவு மாவட்டத்துப் பிரதேச செயலகம் ஒன்றில் அபிவிருத்தி உத்தியோகத்தர் நியமனம் கிடைத்திருக்கிறது. கந்தசஷ்டி விரதம் பிடித்துக் கிடைத்த வேலை என்று தாயார் சொல்கிறாராம். பிள்ளைக்கு ஒரு சந்தேகம்: “மேசையில் சாமிப்படம் வைத்திருந்த ஒருவரிடம்தான் எங்கள் குடும்பம் ஒரு கையெழுத்துக்காக மாதக்கணக்கில் அலைந்தது. கடவுள் நம்பிக்கை உண்மையில் ஒருவரை நல்ல அரச ஊழியராக்குமா? இல்லை, அதைச் செருப்போடு சேர்த்து வாசலில் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போகவேண்டுமா?”

பிள்ளை, பதிலை முதலே சொல்லிவிடுகிறேன். நம்பிக்கை உதவும். ஆனால் அது உதவுகிற இடம் ஒன்று, நாங்கள் அதைக் கொண்டுபோய் வைக்கிற இடம் இன்னொன்று. ஆளை ஊரை விட்டு ஓடாமல் இருக்கவைக்கவும், யாரும் எட்டிப்பார்க்காத வேலையை ஒழுங்காகச் செய்யவைக்கவும் அதனால் முடியும். இதை நான் வன்னியில் நிறையவே பார்த்திருக்கிறேன். யாருக்குக் கொடுப்பது, யாருக்கு மறுப்பது என்கிற தீர்மானத்துக்குள் அது நுழைந்தபோது பழுதாகிப் போனதையும் பார்த்திருக்கிறேன்.

‘இருப்பது’ வன்னியில் ஏன் பெரிய விஷயம் என்று, வேலை ஏற்ற முதல் கிழமையிலேயே உங்களுக்கு விளங்கிவிடும். மன்னார், வவுனியா, முல்லைத்தீவு, கிளிநொச்சி என்று நான்கு மாவட்டம், காடும் குளமும், ஊருக்கு ஊர் தூரம். பல பாடசாலைகள் இன்றைக்கும் கஷ்டப் பிரதேசம், அதிகஷ்டப் பிரதேசம் என்றுதான் பதிவில் இருக்கின்றன. உத்தியோகத்தர்களில் கணிசமானோர் யாழ்ப்பாணத்திலிருந்து காலைப் பஸ்ஸில் வந்து பின்னேரப் பஸ்ஸில் திரும்புகிறவர்கள். அவர்களைத் திட்ட நான் வரவில்லை. பிள்ளைகளின் படிப்பு, வயதுபோன தாய் தகப்பன், எல்லாம் இருக்கிறது. ஆனால் கொக்கிளாயிலிருந்து வெளிக்கிட்டு முல்லைத்தீவில் உள்ள கரைதுறைப்பற்றுப் பிரதேச செயலகத்துக்கு ஒருவர் வந்து சேரும்போது அரைநாள் போய்விடும். அந்த நேரத்தில் உத்தியோகத்தரின் கண் மணிக்கூட்டில் இருந்தால், வந்தவர் இன்னொரு நாள் கூலியை விட்டுவிட்டுத் திரும்ப வரவேண்டும். தங்கி வேலை செய்கிற ஒரு கிராம அலுவலர், பிரசவம் பார்க்கிற ஒரு மருத்துவமாது, ஒரு கணித ஆசிரியர் ஒரு ஊரின் தலைவிதியையே கொஞ்சம் மாற்றிவிடுவார். அப்படித் தங்கியவர்களிடம் ஏன் என்று கேட்டால், பெரும்பாலும் சம்பளத்தைச் சொல்லமாட்டார்கள். மாதாவையோ அம்மாளாச்சியையோ இழுத்துத்தான் கதைப்பார்கள்.

2008, 2009 ஆண்டுகளைச் சொல்லாமல் இதைப் பேசமுடியாது. 2008 செப்டெம்பரில் அரசு உத்தரவிட, ஐ.நா. நிறுவனங்களும் பெரும்பாலான வெளிநாட்டுத் தொண்டு நிறுவனங்களும் வன்னியை விட்டு வெளியேறின. கிளிநொச்சியில் ஐ.நா. அலுவலக வாசலில் சனம் நின்று ‘போகாதீர்கள்’ என்று கெஞ்சியது. அவர்கள் போன பிறகு மிஞ்சியவர்கள் யார்? செஞ்சிலுவைச் சர்வதேசக் குழு கொஞ்சக் காலம், பங்குத்தந்தைமார், அருட்சகோதரிகள், அப்புறம் இலங்கை அரசின் சம்பளப் பட்டியலில் இருந்த எங்கள் ஆட்கள். கச்சேரி என்கிற மாவட்டச் செயலகத்தின் ஊழியர்கள், கிராம அலுவலர்கள், தாதியர், வைத்தியர்கள். வைத்தியசாலை இடம்பெயர்ந்துகொண்டே இருந்தது. புதுக்குடியிருப்பு, புதுமாத்தளன், கடைசியாக முள்ளிவாய்க்கால். ஒரு பாடசாலைக் கட்டிடம் கிடைத்தால் அதுதான் சத்திரசிகிச்சைக் கூடம்.

அந்த நாட்களின் வேலைகளில் வெளியே யாரும் பெரிதாகப் பேசாத ஒன்று உண்டு: ஆட்களை எண்ணுவது. இடம்பெயர்ந்து தறப்பாளுக்குக் கீழே இருந்த குடும்பங்களைக் கிராம அலுவலர் பதிவார். அது பிரதேச செயலகத்துக்குப் போகும், அங்கிருந்து கச்சேரிக்கு. நிவாரண அரிசி எத்தனை லொறி என்பது அந்தக் கணக்கில்தான் தங்கியிருந்தது. உள்ளே இருப்பவர்கள் ஒரு இலட்சத்துக்கும் குறைவு என்று கொழும்பில் சொல்லிக்கொண்டிருந்தபோது, கச்சேரிக் கணக்கு அதைவிடப் பல மடங்கு கூடுதலாக இருந்தது. அந்த எண்ணிக்கையை எழுதிக் கையெழுத்து வைப்பதே ஆபத்தான வேலை. கூட்டி எழுதினாலும் சந்தேகம், குறைத்து எழுதினால் சனம் பட்டினி.

போர் முடிந்த பிறகு, 2011 ஜனவரியில், மன்னார் ஆயர் இராயப்பு யோசேப்பு ஆண்டகை அரசு அமைத்த நல்லிணக்க ஆணைக்குழுவின் முன் போய் ஒரு கணக்கை வைத்தார். 2008 ஒக்டோபர் முற்பகுதியில் வன்னியில் இருந்ததாகக் கச்சேரிகள் பதிந்தவர்கள் 4,29,059 பேர். போர் முடியும்வரை அரச கட்டுப்பாட்டுப் பகுதிக்கு வந்து சேர்ந்ததாக ஐ.நா. சொன்னது 2,82,380 பேர். மிகுதி 1,46,679 பேருக்கு என்ன நடந்தது என்று கேட்டார். அந்தக் கேள்விக்கு இன்றுவரை ஒழுங்கான பதில் இல்லை. அந்த இலக்கத்தைப் பற்றி ஆயிரம் வாதம் நடக்கட்டும். எனக்கு முக்கியமானது வேறொன்று. ஆயர் கையில் எடுத்துக்கொண்டு போனது வேதவசனத்தை அல்ல, ஒரு கச்சேரிக் கணக்கை. எங்கோ ஒரு கிராம அலுவலர் மழையில் நனைந்த கொப்பியில் ‘ஆண் 2, பெண் 3, ஐந்து வயதுக்குக் கீழ் 1’ என்று எழுதியதெல்லாம் கூடித்தான் அந்த முதலாவது எண் வந்தது. எழுதினவர் சைவமா வேதமா (கிறிஸ்தவமா) என்று எனக்குத் தெரியாது. ஆயருக்கும் தெரிந்திருக்காது. நம்பிக்கையும் அரச வேலையும் சரியாகச் சந்தித்த இடம் எது என்று யாராவது என்னைக் கேட்டால் அந்தப் பக்கத்தைத்தான் காட்டுவேன்.

இங்கே ஒரு கடிவாளம் போடவேண்டும். நின்றவர்கள் எல்லாரும் கடவுளுக்காக நின்றார்கள் என்று நான் சொன்னால் அது கதை. புலிகளின் பாஸ் நடைமுறையால் வெளியே போகமுடியாமல் நின்றவர்கள் உண்டு. குடும்பம் உள்ளே என்பதால் நின்றவர்கள் உண்டு. கடைசிவரை நின்ற அரச வைத்தியர்கள் 2009 மேயில் கைதாகித் தடுத்துவைக்கப்பட்டார்கள், ஓகஸ்டில்தான் வெளியே வந்தார்கள். அவர்கள் என்ன நம்பினார்கள் என்று ஊகித்து எழுதுகிற உரிமை எனக்கு இல்லை. ஒரே ஆளுக்குள்ளேயே பயம், கடமை, பிரார்த்தனை, பழக்கம் எல்லாம் கலந்துதான் கிடக்கும். எது தள்ளியது என்று அவருக்கே தெரியாமல் இருக்கலாம்.

சரி, போர்க்காலம் போகட்டும். சாதாரண நாட்களுக்கு வருவோம், நீங்கள் வேலை செய்யப்போவது அவற்றில்தானே.

உங்கள் மாவட்டத்தின் பெரிய தெய்வம் வற்றாப்பளை கண்ணகி அம்மன். வைகாசி விசாகப் பொங்கல்தான் ஆண்டின் பெரிய நாள். முல்லைத்தீவுக் கடலில் எடுத்த உப்புநீரில் முள்ளியவளைக் காட்டா விநாயகர் கோயிலில் விளக்கேற்றி, பிறகு அது வற்றாப்பளைக்குப் போகும். எங்கெங்கோ இருந்து சனம் நடந்தும் வரும். இதற்குப் பின்னால் மாவட்டச் செயலகத்தில் ஒரு ஒருங்கிணைப்புக் கூட்டம் நடக்கும். குடிநீர் பவுசர் யார், மேலதிக பஸ் எத்தனை, பிரதேச சபை எத்தனை மலசலகூடம் போடும், வைத்திய முகாம் எங்கே என்று எல்லாம் அங்கே பிரிக்கப்படும். மன்னாரில் மடுமாதாவின் ஆவணித் திருவிழாவுக்கும் இதே மாதிரிக் கூட்டம்தான், அங்கே வருகிற சனம் இலட்சக்கணக்கில். திருவிழா நாளில் பொதுச் சுகாதாரப் பரிசோதகரைப் பாருங்கள். தேநீர்க் கடையில் தண்ணீர் கொதித்ததா, ஐஸ் எங்கே வாங்கியது, சமைக்கிறவருக்கு மருத்துவ அட்டை இருக்கிறதா என்று விடியும்வரை சுற்றுவார். அம்மனை ஒருதரம் எட்டிப் பார்க்க நேரம் கிடைத்தால் பெரிய காரியம். அவரிடம் ‘பொங்கலுக்குப் போனீர்களா’ என்று கேட்டால், ஓம் என்பார். வயிற்றோட்டம் இல்லாமல் அத்தனை ஆயிரம் பேரும் வீடு போய்ச் சேர்ந்ததுதான் அவருடைய நேர்த்தி.

கண்ணகியைப் பற்றி இன்னொன்று தோன்றும் எனக்கு. கையில் சான்றை எடுத்துக்கொண்டு அரசவாசலுக்குப் போய் நீதி கேட்ட ஒரு பெண்ணைத்தான் இந்தச் சனம் தாயாகக் கும்பிடுகிறது. பிரதேச செயலக விறாந்தையில் பொலித்தீன் பையில் பழைய பெர்மிட், பங்கீட்டு அட்டை, காணாமற்போன பிள்ளையின் படம் எல்லாம் வைத்துக்கொண்டு குந்தியிருக்கிற அம்மாக்களைப் பார்க்கும்போது இது ஞாபகம் வராத உத்தியோகத்தர், வற்றாப்பளைக்கு எத்தனை தூக்குக்காவடி எடுத்தும் என்ன பிரயோசனம்?

குளங்களைப் பற்றியும் சொல்லவேண்டும், வன்னி என்றால் குளம்தானே. குளக்கட்டில் ஐயனாரோ பிள்ளையாரோ இருப்பார். இரணைமடுவில் கனகாம்பிகை அம்மன். விதைப்புக்கு முன் பொங்கல், தண்ணீர் திறக்கும்போது தேங்காய், கற்பூரம். நீர்ப்பாசனப் பொறியியலாளரும் கமக்காரரும் ஒன்றாக நின்று கும்பிடுவார்கள். எனக்கு இது பிடிக்கும். தண்ணீர் தன்னுடையது அல்ல என்ற எண்ணம் திறப்பு வைத்திருக்கிறவருக்கு வருஷத்தில் ஒருதரமாவது வரட்டுமே. ஆனால் மேல்வாய்க்கால்காரருக்கு எத்தனை நாள், கடைவாய்க்கால்காரருக்கு எத்தனை நாள் என்பது அரச அதிபர் தலைமையில் நடக்கும் பயிர்ச்செய்கைக் கூட்டத்தில் தீர்வது. சிறுபோகத்தில் கடைவாய்க்காலுக்குத் தண்ணீர் போய்ச் சேர்கிறதா என்று வெயிலில் போய்ப் பார்க்கிற ஆளிடம்தான் பக்தியும் தெரியவரும். வான்கதவும் அப்படித்தான். 2018 டிசம்பரில் கிளிநொச்சியும் முல்லைத்தீவும் வெள்ளத்தில் மூழ்கியபோது, இரணைமடுக் கதவுகள் திறந்த நேரம் பற்றி விசாரணை வைக்கவேண்டி வந்தது. யார் பக்கம் சரி என்பதற்குள் நான் போகவில்லை. அந்த இரவுகளில் தேவைப்படுவது அளவுகோலைப் பார்த்துக்கொண்டு நித்திரை கொள்ளாமல் இருக்கிற ஒரு ஆள். பிரார்த்தனை அந்த ஆளை விழித்திருக்க வைத்தால் நல்லது, அளவுகோலுக்குப் பதிலாக வந்தால் ஊர் அழியும்.

ஏ-9 வீதியில் முறிகண்டிப் பிள்ளையாரைத் தாண்டி நில்லாமல் போகிற பஸ் குறைவு. இலங்கைப் போக்குவரத்துச் சபைச் சாரதி இறங்கித் தேங்காய் உடைப்பார், பயணிகள் கச்சான் வாங்குவார்கள், சிங்களச் சனமும் இறங்கிக் கும்பிடும். சாரதி அந்தத் தேங்காயோடு வேகத்தையும் கொஞ்சம் குறைத்தால் பிள்ளையாருக்கு வேலை குறையும் என்பது என் தனிப்பட்ட கருத்து.

ஒவ்வொரு சமயத்துக்கும் இந்த வேலைக்கான தன்னுடைய பேச்சு இருக்கிறது. சைவ ஆட்களுக்கு உழவாரம்: அப்பர் கையில் இருந்தது புல் செதுக்குகிற கருவி, செங்கோல் அல்ல. வேதக்காரர், பசித்தவனுக்குக் கொடுத்தது ஆண்டவருக்குக் கொடுத்தது என்பார்கள். மன்னாரில் வாழ்வுதயம் போன்ற திருச்சபை நிறுவனங்கள் அந்த எண்ணத்தில் நிற்பவைதான். முஸ்லிம் உத்தியோகத்தர் ஒருவர் பொதுப்பணத்தை ‘அமானிதம்’ என்பார்: உரியவருக்குத் திருப்பிக் கொடுக்கவேண்டிய பொறுப்பு, மறுமையில் கேள்வி உண்டு. இவற்றில் எது உங்களுடையதோ அதைப் பிடித்துக்கொள்ளுங்கள். எதுவும் இல்லாதவர்களும் இருக்கிறார்கள். கடவுள் இல்லை என்று சொல்லிக்கொண்டே மாலை வகுப்புக்குக் காசு வாங்காமல் படிப்பித்த இடதுசாரி வாத்திமாரை வன்னி கண்டிருக்கிறது. அரசியலமைப்பில் உள்ள பதவிப் பிரமாணத்திலேயே சத்தியம் செய்யலாம், இல்லாவிட்டால் உறுதி செய்யலாம் என்று இரண்டு வழி இருக்கிறது. அரச சம்பளம் வாங்காத காந்தியம் அமைப்பையும் இந்த வரிசையில் சேர்ப்பேன். 1970களில் வைத்தியர் இராஜசுந்தரமும் கட்டிடக் கலைஞர் டேவிட்டும் தொடங்கியது அது. 1977 கலவரத்தில் அடிபட்டு வந்த மலையகக் குடும்பங்களை வவுனியாப் பக்கம் குடியேற்றினார்கள். இருவரும் 1983இல் கைதானார்கள். இராஜசுந்தரம் அந்த யூலையில் வெலிக்கடைச் சிறையில் கொல்லப்பட்டார்.

இனிக் கசப்பான பகுதி. சாமி கும்பிடுகிற உத்தியோகத்தர் பிழைவிடுகிற இடம் பெரும்பாலும் இலஞ்சம் அல்ல. ‘எங்கட ஆட்கள்’ என்பதுதான். அந்த மலையகக் குடும்பங்களையே எடுங்கள். மாரியம்மனையும் காமன் கூத்தையும் கொண்டுவந்து காடு வெட்டி வாழ்ந்தவர்களில் பலருக்குக் காணி ஆவணம் கிடைக்க எத்தனை வருடம் பிடித்தது? 1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகள் வடக்கிலிருந்து முஸ்லிம்களை வெளியேற்றினார்கள். போருக்குப் பிறகு அவர்கள் முசலிக்கும் முல்லைத்தீவுக்கும் திரும்பி வந்தபோது, காணிக் கிளையில் தமிழ் உத்தியோகத்தர் இழுத்தடிக்கிறார் என்றது ஒரு பக்கம், முஸ்லிம் அரசியல்வாதி தன் ஆட்களுக்கு மட்டும் கொடுக்கிறார் என்றது மறுபக்கம். இரண்டு பக்கத்திலும் தொழுகிறவர்களும் கும்பிடுகிறவர்களும்தான் இருந்தார்கள். கோயில் நிர்வாக சபைத் தலைவரே அலுவலகத்திலும் பெரியவராக இருந்தால், கோயில் வீதிக்குக் கிறவல் முதலில் விழும், ஒடுக்கப்பட்ட சாதியார் இருக்கிற குறிச்சிக்குக் கடைசியில் விழும். பெயர் சொல்லத் தேவையில்லை, உங்கள் ஊரிலும் ஒன்று இருக்கும்.

இதையே ஒரு அரசு செய்தால் எப்படி இருக்கும் என்பதை எங்கள் சனம் நன்றாகவே அறியும். அரசியலமைப்பின் 9ஆம் உறுப்புரை பௌத்தத்துக்கு முதன்மை இடம் கொடுக்கிறது, 10ஆம் உறுப்புரை எல்லாருக்கும் சமயச் சுதந்திரம் கொடுக்கிறது. தரையில் எது நடக்கிறது என்பது அதிகாரியைப் பொறுத்தது. 2019 செப்டெம்பரில் முல்லைத்தீவு நீராவியடிப் பிள்ளையார் கோயில் தீர்த்தக்கேணிப் பக்கத்தில், நீதிமன்றக் கட்டளையை மீறி, ஒரு பிக்குவின் உடலைத் தகனம் செய்தார்கள். பொலிஸார் பார்த்துக்கொண்டு நின்றார்கள். 2024 சிவராத்திரி இரவில் வவுனியா வடக்கில் வெடுக்குநாறிமலைச் சிவன் கோயிலுக்குக் கும்பிடப் போனவர்களில் எட்டுப் பேரைப் பிடித்து உள்ளே வைத்தார்கள். சம்பந்தப்பட்ட அதிகாரிகளிலும் தன் மதத்துக்கு நல்லது செய்கிறேன் என்று மனதார நம்பியவர் இருந்திருப்பார், அதுதான் பயம். அவருடைய பக்தியில் குறை இல்லை. அரச சீருடைக்குள் அதை நுழைத்ததுதான் குறை. அதிகாரம் எங்கள் கையில் இருந்திருந்தால் நாங்கள் வேறு விதமாக நடந்திருப்போம் என்று அடித்துச் சொல்ல எனக்குத் துணிவில்லை.

அலுவலகத்துக்குள் நடக்கிற பூசைகளைப் பற்றியும் நீங்கள் யோசிப்பீர்கள். நவராத்திரியில் ஒவ்வொரு கிளைக்கும் ஒரு நாள், விஜயதசமியில் வாகனங்களுக்குப் பொட்டு, நத்தாருக்கு ஒளிவிழா, நோன்பு காலத்தில் இப்தார். நல்ல விஷயங்கள்தான், கடலையும் அவலும் எனக்கும் பிடிக்கும். பூசை நேரத்தில் பொதுமக்கள் கருமபீடத்தில் ஒருவரை இருத்திவிட்டுப் போனால் போதும். வேதக்காரப் பிள்ளையோ முஸ்லிம் பிள்ளையோ பூசைக்கு வராவிட்டால் முகம் சுளிக்கக்கூடாது. வந்தால் பிரசாதத்தை வற்புறுத்தக்கூடாது.

வேலை ஏற்றதும் செய்யவேண்டியது ஒரு நாட்காட்டி. உங்கள் பிரிவில் உள்ள கோயில்களின் பொங்கல், தேவாலயங்களின் திருவிழா, பெருநாட்கள் எல்லாவற்றையும் அதில் குறியுங்கள். நடமாடும் சேவையை வெள்ளி மத்தியானத்தில் வைத்தால் ஜும்மாவுக்குப் போகிறவர்கள் வரமாட்டார்கள், ஞாயிறு காலையில் வைத்தால் பூசைக்குப் போகிற வேதக்காரச் சனம் வராது. பயனாளித் தெரிவுக்குப் போகும்போது கோயில் தலைவர் தருகிற பட்டியலை மரியாதையாக வாங்கிக்கொண்டு, பிறகு மருத்துவமாதுவிடம் தனியாக ஒரு தரம் கேளுங்கள். எந்த வீட்டில் உலை ஏறவில்லை என்பது அவருக்குத்தான் தெரியும். சாமிப்படத்தை மேசை லாச்சிக்குள் வையுங்கள், நீங்கள் திறக்கும்போது உங்களுக்குத் தெரிந்தால் போதும்தானே. முன்னால் வந்து இருக்கிறவர் எந்தக் கடவுளோடு வந்திருக்கிறாரோ, அவருக்கு அந்த மேசை பொதுவாக இருக்கட்டும்.

தங்குமிடம் பற்றியும் கேட்டிருந்தீர்கள். முள்ளியவளைப் பக்கம் வாடகை வீடு கிடைக்கும், பஸ்ஸும் வசதி. உங்களைக் காணிக் கிளையில் போட்டார்கள் என்றால் திரும்ப எழுதுங்கள், அதற்குத் தனியாகவே ஒரு பதில் வேண்டும்.